லட்டுக்கு மொழி கிடையாது

'ஷான் தி ஷீப்' (2015) பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் படத்தில் வசனம் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. பண்ணைக்காரர் ஏதோ முணுமுணுப்பார், நாய் உறுமும், ஆடுகள் கத்தும். 85 நிமிஷமும் இப்படியேதான் போகும். ஆனாலும் கதை புரியாமல் யாரும் முழிப்பதில்லை. திருத்தணி பக்கத்து வீடுகளில் இந்த மாதிரிப் படத்துக்கு ஒரு தனி மவுசு. பாட்டிக்குத் தெலுங்குதான் சரளம், மருமகளுக்குத் தமிழ், பேரனுக்குப் பள்ளிக்கூட இங்கிலீஷ். எந்தச் சேனலை வைத்தாலும் யாராவது ஒருத்தர் "என்னவாம், என்ன சொல்றான்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆட்டுப் படம் ஓடும்போது மட்டும் அந்தக் கேள்வி வராது.

ஸ்டாப்-மோஷன் என்கிற இந்த வித்தை, அதிலும் குடும்ப நகைச்சுவையோடு சேர்ந்து வரும்போது, ஏன் இத்தனை பேருக்குப் பிடிக்கிறது என்று கொஞ்ச நாளாக யோசித்துக் குறிப்பெடுத்து வந்தேன். குறிப்புகள் பிரிஸ்டலில் ஆரம்பித்து, நடுவில் பாரிஸ் போய், கடைசியில் வடபழனியில் வந்து நின்றன. அங்கிருந்து திருத்தணி 80, 85 கிலோமீட்டர்தான்.

முதலில் வித்தை என்னவென்று பார்த்துவிடுவோம். சினிமா ஒரு வினாடிக்கு 24 படம். பொம்மையை வைத்து ஒரு படம் எடுக்க வேண்டியது, கையை ஒரு நூல் அளவு நகர்த்த வேண்டியது, இன்னொரு படம் எடுக்க வேண்டியது. ஒவ்வொரு நிலையையும் இரண்டு படமாக எடுத்து, வினாடிக்கு 12 அசைவோடு சமாளிப்பதும் உண்டு. ஆர்ட்மன் நிறுவனத்தின் 'சிக்கன் ரன்' (2000) 84 நிமிஷப் படம். பெருக்கிப் பார்த்தால் 1,20,960 படங்கள் வருகிறது. ஒரு ஆள் நாள் முழுக்க உட்கார்ந்தால் சில வினாடி தேறும். நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டாம். தறியில் ஒரு நாளைக்கு எவ்வளவு துணி இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்த வித்தைக்குப் பிறந்த கதை ஒன்று உண்டு. பாரிஸில் மேஜிக் காட்டிக்கொண்டிருந்த ஜார்ஜ் மெலியஸ், 1896 வாக்கில் ஆப்பரா சதுக்கத்தில் தெருவைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது கேமரா சிக்கிக்கொண்டதாம். சரிசெய்து மறுபடி சுற்றினார். கழுவிப் போட்டுப் பார்த்தால் பயணிகள் வண்டி சட்டென்று சவவண்டியாக மாறியிருக்கிறது. அவரே சொன்ன கதை இது. மேஜிக்காரர் சொன்ன கதையை எவ்வளவு நம்பலாம் என்பது உங்கள் பாடு. கேமராவை நிறுத்தி எடுத்தால் உலகத்தை மாற்றலாம் என்பது மட்டும் உறுதியாகிவிட்டது.

அடுத்த பத்து வருஷத்தில் வந்த படங்களைக் கவனித்தால் ஒன்று தட்டுப்படும். 1907-ல் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் பிளாக்டன் எடுத்த 'தி ஹாண்டட் ஹோட்டல்' படத்தில் கத்தி தானாக ரொட்டியை வெட்டும், சாப்பாட்டு மேஜை தன்னாலேயே தயாராகும். 1908-ல் செகுந்தோ தே சோமோன் எடுத்த 'எலக்ட்ரிக் ஹோட்டல்' படத்தில் பெட்டி தானாக மாடிக்குப் போகும், பிரஷ் தானாகப் பூட்ஸுக்குப் பாலிஷ் போடும். ரெண்டும் சத்திரம், சாப்பாடு, வீட்டு வேலை. ராட்சசனும் பூதமும் பிற்பாடு வருகிறார்கள். முதலில் அசைந்தது கத்தி, ரொட்டி, செருப்பு. ஜனங்கள் சிரித்ததும் அதற்குத்தான். தினமும் நாம் எடுத்து வைக்கிற சாமான் ஒரு நாள் தானே எழுந்து வேலை செய்தால் எப்படி இருக்கும் என்று யோசிக்காத வீடு எது?

குடும்பச் சண்டை கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் லதிஸ்லாஸ் ஸ்டாரெவிச். லித்துவேனியாவில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஒன்றில் இருந்தவர். வண்டுகள் சண்டை போடுவதைப் படமெடுக்க ஆசைப்பட்டார். விளக்கு வெளிச்சம் பட்டதும் வண்டுகள் அசைய மறுத்தன. மனுஷன் விடவில்லை. செத்த வண்டின் காலுக்குக் கம்பி வைத்து, ஒவ்வொரு படமாக எடுத்தார். 1912-ல் 'கேமராமேனின் பழி' என்ற பொருளில் ஒரு படம். கதை என்ன? வண்டு வீட்டுக்காரர் வெளியூரில் ஒரு நடனக்காரியோடு சுற்றுகிறார், வீட்டம்மா வண்டு இங்கே ஒரு ஓவியரோடு. கடைசியில் குட்டு வெளிப்படுகிற இடம் ஒரு சினிமாக் கொட்டகை. பழக்கி வைத்த பூச்சிகள் என்றே நம்பியவர்கள் அந்தக் காலத்தில் உண்டு.

இந்தியாவிலும் இது ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. தாதாசாகேப் பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா' (1913) எடுக்க முதலீட்டாளரைத் தேடியபோது காட்டிய மாதிரிப் படம், ஒரு பட்டாணிச் செடி முளைத்து வளர்வது. தொட்டியில் விதைத்து நாளாக நாளாக ஒவ்வொரு படமாக எடுத்தது. 1915-ல் தீக்குச்சிகளை அசைய வைத்து 'ஆகக்காட்யாஞ்சி மௌஜ்' என்ற குறும்படமும் செய்தார். தீக்குச்சிகளின் வேடிக்கை என்று தமிழில் சொல்லலாம். ஆக, இந்திய சினிமாவின் முதல் முதலீடே நிறுத்தி நிறுத்தி எடுத்த ஒரு பட்டாணிச் செடியைக் காட்டி வாங்கியது. பாடப்புத்தகத்தில் இதை ஒரு வரியாவது போடலாம்.

இனி பிரிஸ்டல். பீட்டர் லார்டும் டேவிட் ஸ்ப்ராக்ஸ்டனும் 1972-ல் தொடங்கிய கம்பெனி ஆர்ட்மன். அதில் பிற்பாடு வந்து சேர்ந்த நிக் பார்க், மாணவராக இருந்தபோது 1982-ல் ஆரம்பித்த 'எ கிராண்ட் டே அவுட்' முடிந்தது 1989-ல். அரை மணி நேரம்கூட ஓடாத படம், ஏழு வருஷம். வாலஸ் என்றொரு கண்டுபிடிப்புக் கிறுக்கர், அவர் நாய் குரோமிட். வாலஸ் பேசிக்கொண்டே இருப்பார். குரோமிட்டுக்கு வாயே கிடையாது. வரையவே இல்லை. புருவத்தை மட்டும் தூக்கி இறக்கும். அந்தப் புருவத்தில் "இந்த ஆளோடு எப்படிக் காலம் தள்ளுவேன்" என்பது அத்தனையும் தெரியும். நம்ம வீட்டுப் பெரியவர்களில் பேசாமல் புருவத்திலேயே குடும்பத்தை நடத்தியவர்களை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

1993-ல் வந்த 'தி ராங் டிரவுசர்ஸ்' ஆஸ்கர் வாங்கியது. அதில் ஒரு பென்குவின் வாடகைக்குக் குடிவருகிறது. வந்த நாளிலிருந்து வாலஸை வசப்படுத்துகிறது. குரோமிட்டின் அறையைப் பிடித்துக்கொள்கிறது. சொந்த வீட்டிலேயே குரோமிட் வேண்டாதவன் ஆகி, மூட்டை கட்டிக்கொண்டு மழையில் வெளியேறுகிறான். பொம்மைகளை எடுத்துவிட்டுக் கதையை மட்டும் பாருங்கள். நம்ம ஊர் நாடகக் கம்பெனிகள் நூறு தடவை போட்ட கதை. குடிவந்தவன் குடியைக் கெடுக்கிற கதை.

நிக் பார்க்கின் பொம்மைகளில் இன்னொரு விசேஷம். களிமண் மாதிரியான பிளாஸ்டிசின் மேல் அசைத்தவரின் விரல் ரேகை அப்படியே விழும். உற்றுப் பார்த்தால் வாலஸின் கன்னத்தில் ரேகை ஓடுவது தெரியும். அழித்துவிடலாம். அழிப்பதில்லை. இந்தப் படங்கள் பிடிக்கக் காரணம் கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். விநாயகர் சதுர்த்தி அன்று காலையில் மணைப்பலகையில் அச்சு வைத்து அமுக்கி எடுத்துத் தருகிற பிள்ளையாரின் முதுகில் குயவரின் கட்டைவிரல் அடையாளம் இருக்குமே, அது. சாமி என்று கும்பிடும்போதே ஒரு மனுஷன் செய்தது என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. ரெண்டும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை.

2005 அக்டோபர் 10 அன்று ஆர்ட்மனின் பிரிஸ்டல் கிடங்கு தீப்பற்றி எரிந்தது. முப்பது வருஷத்துப் பொம்மைகள், செட்டுகள் சாம்பல். அவர்களுடைய வாலஸ்-குரோமிட் முழுநீளப் படம் அமெரிக்காவில் வெளியாகி ஓடத் தொடங்கியிருந்த சமயம். ரெண்டு நாள் முன்னால்தான் காஷ்மீர், பாகிஸ்தான் பகுதியில் பெரிய பூகம்பம். அதற்கு முன் எங்கள் நஷ்டம் பெரிசில்லை என்கிற பொருளில் நிக் பார்க் பேசினார். பொம்மை போனால் மறுபடி செய்துகொள்ளலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கை இருக்கிறதே.

சரி, வடபழனிக்கு வருவோம்.

1957 மார்ச் 27-ல் தெலுங்கிலும், ஏப்ரல் 12-ல் தமிழிலும் வெளியானது விஜயா புரொடக்ஷன்ஸின் 'மாயா பஜார்'. இயக்கம் கே.வி. ரெட்டி, தயாரிப்பு நாகி ரெட்டியும் சக்கரபாணியும், கேமரா மார்கஸ் பார்ட்லி. இது ஸ்டாப்-மோஷன் படம் இல்லை, மனிதர்கள் நடித்த படம். ஆனால் இது போல சாமான்கள் தானாக அசைந்து சிரிக்க வைத்த குடும்பப் படம் நம் பக்கத்தில் வேறு கிடையாது. அதனால்தான் என் குறிப்புகள் இங்கே வந்து நின்றன.

கதை தெரியாதவர்களுக்கு: பலராமர் மகள் வத்சலா. அவர் தங்கை சுபத்திரையின் மகன் அபிமன்யு. சின்ன வயதிலேயே இவளுக்கு இவன் என்று பேசி வைத்தது. அத்தை மகன், முறைப்பையன். சூதில் பாண்டவர்கள் ராஜ்யத்தைத் தோற்றதும் பலராமர் வீட்டம்மா ரேவதிக்கு நாத்தனார் குடும்பம் கசந்துவிடுகிறது. துரியோதனன் மகன் லக்கண குமாரன் பெரிய இடம், அங்கே கொடுக்கலாம் என்கிறாள். கிருஷ்ணர் சிரித்துக்கொண்டே உள்வேலை பார்க்கிறார். காட்டிலிருந்து கடோத்கஜன் வந்து வத்சலாவைத் தூக்கிப் போய் அபிமன்யுவிடம் சேர்த்துவிட்டு, தானே வத்சலா வேஷத்தில் மணமேடையில் உட்கார்ந்துகொள்கிறான்.

இந்தக் கல்யாணம் வியாச பாரதத்தில் இல்லை. நம் பக்கத்து ஜனங்கள் சேர்த்துக்கொண்டது. முறைமாப்பிள்ளை உரிமை என்பது தமிழ் வீட்டிலும் தெலுங்கு வீட்டிலும் ரத்தத்தில் ஊறிய விஷயம். தெலுங்கில் அதற்கு மேனரிகம் என்று பெயர். அந்த உரிமை பணத்துக்கு முன்னால் நிற்குமா என்பதுதான் படத்தின் கேள்வியே. இன்னொன்று கவனித்திருக்கிறீர்களா? மூன்று மணி நேர மகாபாரதப் படத்தில் பாண்டவர் ஐந்து பேரும் ஒரு காட்சியில்கூட வருவதில்லை. தேவைப்படவில்லை. இது யுத்தக் கதை இல்லை, சம்பந்தம் பேசுகிற கதை.

மணமகன் வீட்டாரைத் தங்க வைக்க கடோத்கஜனின் ஆட்கள் மாயையால் ஒரு ஊரையே உண்டாக்குகிறார்கள். அதுதான் மாயா பஜார். அங்கே காலை வைத்தால் தானாகச் சுருண்டுகொள்கிற கம்பளம், படுத்தவனைத் தூக்கிப் போடுகிற கட்டில். உட்கார வந்த பெரிய மனுஷர்கள் படுகிற பாடு. 1907-ன் பேய் ஹோட்டலும் 1908-ன் எலக்ட்ரிக் ஹோட்டலும் நினைவுக்கு வருகிறதா? அதே சத்திரம்தான். அங்கே வந்து மாட்டிக்கொண்டது யாரோ வழிப்போக்கன். இங்கே மாட்டிக்கொண்டது மாப்பிள்ளை வீட்டார். சிரிப்பு எத்தனை மடங்கு ஏறும் என்று பெண்ணைப் பெற்றவர்களைக் கேளுங்கள்.

தெலுங்கில் இந்தக் கம்பளத்துக்கும் கட்டிலுக்கும் வைத்த பெயர்கள் கிம்பளி, கில்பம். கம்பளி-கிம்பளி, தல்பம்-கில்பம் என்று எதிரொலிச் சொல்லையே பெயராக்கிவிட்டார் வசனம் எழுதிய பிங்கலி நாகேந்திர ராவ். புலி-கிலி, காப்பி-கீப்பி என்று நாம் சொல்கிற அதே இலக்கணம். 'கி' போட்டு எதிரொலிப்பது தமிழுக்கும் தெலுங்குக்கும் பொதுச் சொத்து. எல்லையோரத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஜோக்கை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. (தமிழில் சம்பளத்தின் எதிரொலியான கிம்பளம் லஞ்சம் என்ற பொருளில் தனி வாழ்க்கை நடத்துகிறது என்பது வேறு விஷயம்.)

பிறகு அந்தச் சாப்பாடு. விருந்துக்கு வைத்திருந்த பலகாரம் முழுவதையும் எஸ்.வி. ரங்காராவ் ஒற்றை ஆளாக உட்கார்ந்து தீர்க்கிறார். லட்டுகள் தாமாக எழும்பி வாய்க்குள் போகின்றன. தமிழில் 'கல்யாண சமையல் சாதம்', பாடியவர் திருச்சி லோகநாதன். தெலுங்கில் 'விவாஹ போஜனம்பு', பாடியவர் மாதவபெத்தி சத்யம். தமிழ் வசனமும் பாட்டும் தஞ்சை ராமையாதாஸ். அபிமன்யு தெலுங்கில் நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி கணேசன். லக்கண குமாரன் தெலுங்கில் ரேலங்கி, தமிழில் தங்கவேலு. காதலனும் அசட்டு மாப்பிள்ளையும் மொழிக்கு மொழி மாறினார்கள். கடோத்கஜனும் (ரங்காராவ்) கிருஷ்ணரும் (என்.டி. ராமராவ்) சாவித்திரியும் மாறவில்லை. லட்டும் மாறவில்லை.

இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தப் படம் வெளியான 1957 ஏப்ரலில் திருத்தணி எந்த மாநிலத்தில் இருந்தது தெரியுமா? ஆந்திரப் பிரதேசத்தில்.

பழைய கார்வேட்டிநகர ஜமீனைச் சேர்ந்த திருத்தணி, வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்து 1911-ல் சித்தூர் மாவட்டம் உண்டானபோது அதோடு போயிற்று. அப்போது எல்லாமே சென்னை மாகாணம் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரா தனி மாநிலமானதும் சித்தூர் மாவட்டம் முழுசாக அந்தப் பக்கம் சேர்ந்தது. திருத்தணியும்தான். ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம், திருத்தணி வட்டாரத்தில் ஊர் ஊராகப் போய்த் தமிழ் சொல்லிக்கொடுத்த மங்கலங்கிழார், இவர்கள் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், அதை இங்கே திருப்பிச் சொல்லப்போவதில்லை. திருப்பதியும் வேண்டும் என்றுதான் கேட்டார்கள். மறுபக்கம் "மதராஸ் மனதே" என்று சென்னையையே கேட்டார்கள். நடுவராக வந்த எச்.வி. படாஸ்கர், கிராமத்தை அலகாக வைத்து, எங்கே எந்த மொழிக்காரர் அதிகம் என்று பார்த்துக் கோடு போடலாம் என்றார். 1959-ல் சட்டம், 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பதிலுக்கு இங்கிருந்து சத்தியவேடு பக்கமெல்லாம் அங்கே போயிற்று.

மாயா பஜார் வந்தது இந்த இழுபறியின் நட்டநடுவில். கிராமத்துக்குக் கிராமம் தலையெண்ணுகிற காலம். கணக்கெடுப்புத் தாளில் தாய்மொழிக்கு ஒரு கட்டம்தான் இருந்தது. வீட்டில் ஒன்று, சந்தையில் ஒன்று, கோயிலில் திருப்புகழ், கல்யாணத்தில் வேறொன்று என்று வாழ்ந்தவர்கள் அந்தக் கட்டத்தில் எதை எழுதுவது? எதை எழுதினாலும் அது நிலத்தின் மேல் கோடாக மாறப்போகிறது. போராடியவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் போராடாவிட்டால் முருகன் மலை இன்றைக்கு வேறு மாநிலத்தில் இருக்கும், பள்ளிக்கூடத்தில் தமிழ் எந்த நிலையில் இருந்திருக்கும் என்பது யோசிக்க வேண்டியது. ஆனால் கட்டம் ஒன்றுதான் என்பதும் உண்மை. அந்த வருஷம் அந்த ஜனங்களை ரெண்டு மொழிக்காரர்களாகவே நடத்தியது எனக்குத் தெரிந்து சினிமா மட்டும்தான். ஒரே செட்டில் ஒரே லட்டை வைத்து ரெண்டு மொழியிலும் படம் எடுத்தது.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. ஊர் ஆந்திராவில், தெலுங்கு சினிமா சென்னையில். திருத்தணிக்காரர் ஒருவர் தெலுங்கு ஸ்டுடியோவைப் பார்க்க ஆசைப்பட்டால் ரயிலேறி அரக்கோணம் வழியாகத் தமிழ்த் தலைநகரத்துக்குத்தான் வர வேண்டும். வாஹினி ஸ்டுடியோவில்தான் துவாரகை இருந்தது. நிஜமாகவே. 50-க்கு 60 அடி இடத்தில் சுமார் 300 குட்டி வீடுகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விளக்கு. கேமரா அதன் மேல் மெதுவாகப் போகும்போது நாம் பார்ப்பது ராஜதானி. உண்மையில் அது ஒரு பெரிய கொலு.

பார்ட்லி வேலை செய்த காலத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. கேமராமேன் கையில் இருந்த ஆயுதங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கேமராவை நிறுத்தி எடுப்பது, பின்னோக்கி ஓட்டுவது, ஒரே பிலிமில் ரெண்டு தடவை பதிவது, கண்ணுக்குத் தெரியாத நூல், கண்ணாடி, குட்டி உருவம். இதையெல்லாம் கலந்துதான் அந்தக் காலத்து மாயாஜாலம். (இதே பார்ட்லிதான் பிற்பாடு 'செம்மீன்' படத்தில் கடலைக் கடலாகவே காட்டினார். வித்தை தெரிந்தவனுக்கு எப்போது வித்தை காட்டக்கூடாது என்பதும் தெரியும்.) தெரிந்து பார்த்தாலும் லட்டு எழும்பும்போது வாய் தானாகத் திறக்கிறது. இது எப்படி என்று யோசிப்பதும், ஐயோ என்று சிரிப்பதும் ஒரே நேரத்தில் நடக்கிறது. இன்றைய கம்ப்யூட்டர் மாயத்தில் முதல் பாதி போய்விட்டது. "கிராபிக்ஸ்" என்று ஒரு வார்த்தையில் பதில் கிடைத்துவிடுவதால் யாரும் கேள்வியே கேட்பதில்லை.

இவர்களுக்கு இந்த ருசி எங்கிருந்து வந்தது? ஒரு வழி தெரிகிறது. கடப்பைப் பக்கம் சுரபி என்ற ஊரில் 1885-ல் தொடங்கிய நாடகக் குடும்பங்கள், சுரபிக்காரர்கள். தாத்தா முதல் கைக்குழந்தை வரை எல்லாரும் நடிகர்கள். கயிறு, கப்பி, கம்பியை வைத்து மேடையிலேயே மாயம் காட்டுவார்கள். அவர்களுடைய புகழ்பெற்ற நாடகமே மாயா பஜார்தான். சினிமாவிலும் இதே கதை 1935-ல் தமிழில், 1936-ல் தெலுங்கில் வந்துவிட்டது. ஆக 1957-ல் கொட்டகைக்குள் நுழைந்தவர்களுக்குக் கதை தெரியும், லட்டு வரப்போகிறது என்பதும் தெரியும். எப்படி வரப்போகிறது என்று பார்க்கத்தான் டிக்கெட்.

தயாரிப்பாளர்களையும் கவனியுங்கள். நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தொடங்கிய பத்திரிகை தெலுங்கில் 'சந்தமாமா', தமிழில் 'அம்புலிமாமா'. ரெண்டும் ஒரே மாசம். அதே விக்கிரமாதித்தன், அதே வேதாளம், எழுத்து மட்டும் வேறு. மாயா பஜாரின் முதல் ரசிகர்கள் பத்து வருஷமாக அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். அண்ணன் ஒரு மொழியிலும் தம்பி இன்னொரு மொழியிலும் படித்த வீடுகள் எல்லையோரத்தில் இருந்திருக்கும். படம் பார்த்துக் கதை சொல்ல மொழி எதற்கு?

அதற்கும் பின்னால் போனால் பொம்மலாட்டம். தோல்பாவைக் கூத்து நடத்துகிறவர்கள் தமிழ்நாட்டில் வீட்டில் பேசுவது மராட்டி, கூத்தில் பேசுவது தமிழ். ஆந்திராவில் தோலு பொம்மலாட்டம் ஆடுகிறவர்களிலும் வீட்டில் மராட்டி, திரையில் தெலுங்கு என்று இருக்கிறவர்கள் உண்டு. ரெண்டு பக்கமும் கதை ராமாயணம், பாரதம். ஆனால் ஜனங்கள் விழித்திருப்பது யாருக்காக? தமிழில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும். தெலுங்கில் ஜுட்டுப் போலிகாடும் அவன் பெண்டாட்டி பங்காரக்காவும். ராமாயணத்தில் இவர்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. ராமனுக்கும் ராவணனுக்கும் நடுவில் புகுந்து சாப்பாட்டுக்கும் சந்தேகத்துக்கும் அடித்துக்கொள்வார்கள். பொம்மை அசைந்தால் குடும்பச் சண்டை வந்தே தீரும் போலிருக்கிறது. ஸ்டாரெவிச்சின் வண்டும் அதைத்தானே செய்தது.

எங்கள் பக்கத்தில் இன்னொரு பொம்மையும் உண்டு. திரௌபதி அம்மன் கோயில்களில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும். பகலில் பாரதக் கதை, ராத்திரி கூத்து. கடைசியில் படுகளத்துக்குத் திடலில் மண்ணைக் குழைத்து மல்லாந்து படுத்த துரியோதனனைச் செய்வார்கள். ஒரு வீட்டு நீளத்துக்கு இருக்கும். அந்தக் களிமண் பொம்மை அசையவே அசையாது. அதைச் சுற்றி வீமனும் கூட்டமும் அசைவதுதான் காட்சி. சித்தூர் பக்கத்திலும் இதே படுகளம், பாட்டு மட்டும் தெலுங்கு. இந்தப் பதினெட்டு நாளைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவனுக்கு துரியோதனன் வீட்டுச் சம்பந்தம் எப்படி முடியும் என்பது நெஞ்சுக்குள் இருக்கும். அவன் மகன் மணமேடையில் கால் மிதிபடும்போது அந்தச் சிரிப்புக்கு அடியில் வேறொன்றும் இருக்கும்.

அந்த மணமேடைக் காட்சியைச் சொல்லாமல் விட முடியாது. சாவித்திரி நடிப்பது வத்சலாவாக அல்ல, வத்சலா உடம்புக்குள் இருக்கிற கடோத்கஜனாக. தலை குனிந்து நிற்பாள், யாரும் பார்க்காத கணத்தில் தோளைத் தூக்கி மீசையை நினைத்துக்கொள்வாள். பல்லைக் கடித்துக்கொண்டு மாப்பிள்ளையின் காலை மிதிப்பாள். உள்ளே இருப்பவன் வேறு, வெளியே அசைவது வேறு. பொம்மலாட்டத்தின் விதியை ஒரு மனுஷி தன் உடம்பிலேயே செய்து காட்டுகிறாள். நூல் தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ரங்காராவ் எப்படி நடப்பாரோ அப்படி அவர் கண்ணும் கையும் போவதைப் பார்க்க, தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம் என்று தோன்றும். எனக்கு லட்டைவிட இது ஒரு படி மேல்.

களிமண் அனிமேஷன் நம்ம வீட்டு டிவிக்கு வந்து சேர்ந்தது ரொம்பப் பிற்பாடு. 2000-களின் தொடக்கத்தில் வந்த அமரான் பேட்டரி விளம்பரம் ஞாபகம் இருக்கா? களிமண் பொம்மைகள், கார், ஒரே அமர்க்களம். கிரிக்கெட் இடைவேளையில் அதற்காகவே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் உண்டு. அந்த பேட்டரியைத் தயாரிக்கிற அமர ராஜா கம்பெனி இருப்பது திருப்பதிக்குப் பக்கத்தில், பழைய சித்தூர் மாவட்டத்தில். திருத்தணியில் ரயிலேறினால் ரேணிகுண்டாவுக்கு ரெண்டு மணி நேரம்கூட ஆகாது. 1960-ல் பிரிந்த மாவட்டத்திலிருந்து களிமண் பொம்மை திரும்பி வந்தது என்று சொன்னால் கொஞ்சம் ஓவராகத்தான் இருக்கும். ஆனாலும் சொல்லிக்கொள்ள ஆசை.

2010 ஜனவரியில் மாயா பஜார் தெலுங்குப் படத்துக்குக் கம்ப்யூட்டரில் வண்ணம் பூசி மறுபடி வெளியிட்டார்கள். ஜனங்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். வண்ணம் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குக் கறுப்பு வெள்ளையே போதும். பார்ட்லி நிலா வெளிச்சத்தையும் லட்டின் நிழலையும் கறுப்பு வெள்ளையில் கணக்குப் போட்டு வைத்தவர். அந்த நிழலில்தான் வித்தை ஒளிந்திருக்கிறது.

படத்தின் தெலுங்கு வடிவமும் தமிழ் வடிவமும் இணையத்தில் கிடைக்கின்றன. விருந்துப் பாட்டை ரெண்டிலும் அடுத்தடுத்துப் போட்டு, ஒரு தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். எது தமிழ், எது தெலுங்கு என்று ரங்காராவின் உதட்டை வைத்துக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்த்து, பின்னூட்டத்தில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் ரெண்டு பேர் கட்சி கட்டிக்கொண்டு இன்னும் பேசிக்கொள்ளவில்லை.